ஆறாம் லயத்துக்கு நீ கொடுத்த மூன்று மதிப்பெண்

ஐயா,

நீ சிங்கப்பூருக்குப் பஸ் ஏறி இன்றோடு இருபத்தொரு நாள் ஆகிறது. அன்று காலை சிரம்பான் பஸ் நிலையத்தில் உன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கூடவே வந்தேன். ஆனால் சட்டையை ஈரத்தோடு மடித்து வைக்காதே, ஊறுகாய் பாட்டிலை நிமிர்த்தி வை என்று அதையும் இதையும் பேசியே நேரத்தைப் போக்கினேன். பஸ் கிளம்பியபோது நீ கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டினாய். எனக்குக் கை தூக்க வரவில்லை. அம்மா அழுகிறாள் என்று நினைத்திருப்பாய். நான் அழவில்லை. பயந்துபோய் நின்றிருந்தேன்.

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. நான் சொன்ன பொய் ஊரே பார்க்கும் இடத்தில் கிடக்கிறது. அதைத் திருத்துவதை மட்டும் உன் காதோடு ரகசியமாகச் செய்வது சரியாகத் தோன்றவில்லை. உனக்குத்தான் முதலில் வரும். ஒரு வாரம் கழித்து இதே கடிதத்தை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். படித்துவிட்டுக் கோபப்படு. ஆனால் கடைசிவரை படி.

உன் வீடியோக்களில் நான் பார்க்காதது ஒன்றும் இல்லை. காய் நறுக்கும்போது கைப்பேசியை உப்புச் சாடியில் சாய்த்து வைத்துக்கொண்டு பார்ப்பேன். எனக்குக் கேம் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் நீ சொல்வது புரியும். போன வருடம் உலகமே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய ஒரு கேம், பனிக்காட்டில் வாளோடு அலைகிற வீரனின் கதை. அதற்கு நீ பத்துக்கு ஐந்து கொடுத்தாய். "படம் அழகா இருக்கு லா, ஆனா அவன் ஏன் சண்ட போடுறான்னு அவனுக்கே தெரியல" என்றாய். எத்தனை பேர் உன்னைத் திட்டினார்கள்! நீ அசையவில்லை. இன்னொன்று, ஒரு பெரிய நகரத்துக்குள் கார் ஓட்டுகிற கேம். அதில் ஒரு வீட்டுக் கதவும் திறக்காது என்று அரை மணி நேரம் ஒவ்வொரு கதவாகத் தட்டிக் காட்டினாய். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. அதே கேமை அவர்கள் ஆறு மாதம் கழித்துச் சரிசெய்து வெளியிட்டபோது, நீ மறுபடி உட்கார்ந்து விளையாடிப் பார்த்து, "நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்" என்று இரண்டாவது வீடியோ போட்டாய். அன்று உன் அப்பா உயிரோடு இருந்திருந்தால் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன். தப்பு என்று தெரிந்தால் எல்லோர் முன்னாலும் சொல்லக்கூடிய பிள்ளை. அந்தக் குணம் என்னிடமிருந்து வந்ததில்லை.

பள்ளியில் நீ ஐந்தாம் படிவம் படித்தபோது நடந்த சம்பவம் நினைவிருக்கிறதா? பரீட்சை நெருங்குகிறது என்று உன் கேம் பெட்டியைப் பிடுங்கி என் புடவைகளுக்கு அடியில் ஒளித்துவிட்டு, கெட்டுப்போய்விட்டது, பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறேன் என்றேன். எந்தக் கடை என்று கேட்டாய். டவுனில் ஒரு கடை என்றேன். நீ பள்ளி விட்டு வரும்போதெல்லாம் கடை கடையாக ஏறி விசாரித்திருக்கிறாய். பதினைந்து நாள் கழித்து அலமாரியில் நீயே கண்டெடுத்தாய். கத்துவாய் என்று நினைத்தேன். "கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேன்மா" என்று மட்டும் சொன்னாய். நான் சொன்னால் நீ நம்பிவிடுவாய். அதைச் சின்ன வயதிலிருந்தே நான் எனக்கு வசதியாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறேன்.

இப்போது 'ஆறாம் லயம்' கேமுக்கு வருகிறேன். இங்கே நம் ஆட்கள் நாலைந்து பேர் சேர்ந்து செய்தது, ரப்பர் தோட்டத்துக் கதை, தமிழிலேயே பேசுகிறது என்று நீ அதைக் கொண்டாடிக்கொண்டுதான் திறந்தாய். செய்தவர்களில் ஒருத்தி தேன்மொழி, நம் பழைய தோட்டத்தில் பக்கத்து வீட்டு முத்துசாமி அண்ணனின் மகள் என்று தெரிந்ததும் இன்னும் சந்தோஷப்பட்டாய். கதையில் தோட்டத்தை விற்கப் போகிறார்கள். மாற்று வீடு கொடுக்காமல் லயத்து வரிசை வீடுகளைக் காலி செய்ய மாட்டோம் என்று எல்லாக் குடும்பங்களும் சேர்ந்து மனு எழுதுகின்றன. அதை ஒரு எட்டு வயதுப் பெண்ணின் கண்ணால் நாம் பார்த்துக்கொண்டு போக வேண்டும். மூன்றாம் பாகத்தில் அந்தப் பெண், சாத்தியிருக்கும் தோட்டத்து ஆபீசின் பின்கதவு வழியாகப் பக்கத்து வீட்டுப் பெண்மணி வெளியே வருவதைப் பார்க்கிறாள். அந்தப் பெண்மணி அவள் கையில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைத் திணித்து, உதட்டில் விரல் வைக்கிறாள். மனு ஆபீசுக்குத் தெரிந்துவிடுகிறது. எல்லாம் சிதறிப்போகிறது.

அந்த இடத்தில் நிறுத்திவிட்டு நீ என்னைக் கூப்பிட்டாய். "மா, ஒரு நிமிசம் வாங்க. நீங்க அங்கதானே பால் வெட்டினீங்க. இப்படி நடந்துச்சா?" உன் கேமரா ஓடிக்கொண்டிருந்தது தெரியும். திரையில் அந்தச் சிறுமி பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தாள். நான் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே, "அப்படியெல்லாம் நடக்கலப்பா. தோட்டத்துப் பொம்பளைங்க யாரும் அப்படிச் செய்ய மாட்டாங்க" என்றேன். நீ கேமராவைப் பார்த்து, "கேட்டீங்களா? இது சும்மா டிராமாவுக்காகச் சேத்தது. பிஸ்கட் குடுக்குற வில்லியாம்! நம்ம அம்மாமாருங்களக் கேவலப்படுத்துறதுக்கு எதுக்கு ஒரு கேம்?" என்றாய். மூன்று மதிப்பெண் போட்டாய்.

அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். உன் வீடியோக்களிலேயே அதைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள். தேன்மொழியை எவ்வளவு கேவலமாகப் பேசினார்கள் என்பதை நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். உன்னைக் குறை சொல்லவில்லை, நீ யாரையும் ஏவிவிடவில்லை. ஒரு மாதத்தில் அவள் அந்தக் கேமை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டாள். அதே வீடியோவைப் பார்த்துத்தான் சிங்கப்பூர்க்காரர்கள் உன்னை விமர்சனம் எழுதும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். நீ என்னைக் கட்டிப்பிடித்து, "நீங்க வந்து பேசினதுதான்மா ஹைலைட்டே" என்றாய்.

நீ போன மறுநாள் உன் அறையில் நீ விட்டுப்போன கணினியில் 'ஆறாம் லயம்' இருந்தது. மத்தியானம் சமையலை முடித்துவிட்டு உட்கார்வேன். நீ நாலு மணி நேரத்தில் முடித்ததை நான் ஒன்பது நாளில் முடித்தேன். முதல் நாள் முழுக்க அந்தப் பிள்ளை சுவரில் முட்டிக்கொண்டே நின்றாள். நீ சொன்ன குறைகளில் பாதி சரிதான், ஐயா. மரங்கள் எல்லாம் ஒரே மாதிரி நிற்கின்றன. பால் நிறைந்த வாளியை அந்தப் பெண்கள் காலி வாளியைப் போல வீசிக்கொண்டு நடக்கிறார்கள், தோள் சாயவே இல்லை. மழை பெய்த காலையில் பட்டை காய்ந்துவிட்டதா என்று யாரும் மரத்தைத் தொட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் கடைசி இடத்தை நீ தப்பாகப் புரிந்துகொண்டாய். அப்பாவிடம் சொல், சொல்லாதே என்று இரண்டு வழி காட்டுகிறார்கள், எதை அழுத்தினாலும் பிள்ளை வாய் திறப்பதில்லை, இது செய்தவர்களின் சோம்பேறித்தனம் என்றாய். நான் 'சொல்' என்பதைப் பத்துப் பதினைந்து தடவை அழுத்தினேன். அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கிறாள், உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. அவளால் முடியவில்லை, அதுதான் கதை. கணினியை அணைக்கவும் தெரியாமல் அப்படியே எழுந்து வந்துவிட்டேன்.

அந்தப் பிஸ்கட் பொட்டலத்தைக் கொடுத்தவள் நான்.

உனக்கு அப்போது ஆறு வயது. தோட்டம் கைமாறி, லயத்துக்குத் தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் திறந்தார்கள். மனுவை மலாய் மொழியில் அழகாக எழுதியவர் கணபதி அண்ணன். அதை முத்துசாமி அண்ணன் வீட்டு அரிசி டின்னுக்குள் வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை டவுனுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்பாடு. அந்த விவரம் அவர்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். முத்துசாமி அண்ணனின் மனைவி என்னிடம் சொல்லியிருந்தாள். நாங்கள் இருவரும் ஒன்றாகப் பால் வெட்டியவர்கள், அவள் என்னிடம் எதையும் மறைத்ததில்லை. சனிக்கிழமை தோட்டத்து ஆபீசைப் பார்த்துக்கொண்ட கிராணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு அனுப்பினார். மம்பாவ் தாமானில், அந்தப் புதுக் குடியிருப்பில், சில வீடுகள் தயாராக இருக்கின்றன, முதலில் கையெழுத்துப் போடுபவர்களுக்குத்தான் என்றார். மேசைமேல் சாவி இருந்தது. உனக்கு மூச்சிரைப்பு, அடுத்த வருடம் பள்ளிக்கூடம், அப்பா லாரியில் குவாந்தான் போய் நாலு நாள் ஆகிறது என்றெல்லாம் இத்தனை காலமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த நிமிடத்தில் நான் உன்னைக்கூட நினைக்கவில்லை. அந்தச் சாவி எனக்கு வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். கையெழுத்துப் போட்டேன். "வேற என்ன நடக்குது லயத்துல?" என்று கிராணி கேட்டார். கேட்டவுடன் சொல்லிவிட்டேன். மனு, திங்கட்கிழமை, அரிசி டின் எல்லாவற்றையும். பின்கதவு வழியாக வெளியே வந்தபோது எதிரே தேன்மொழி நின்றிருந்தாள், கையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தை அவளிடம் திணித்தேன்.

மறுநாள் ஒவ்வொரு குடும்பமாக ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். சிலருக்கு ஆசை காட்டினார்கள், சிலரை மிரட்டினார்கள். திங்கட்கிழமை காலை மனுவைக் கொண்டுபோக முத்துசாமி அண்ணனும் கணபதி அண்ணனும் மட்டும்தான் மிச்சம். அவர்கள் இருவருக்கும் வீடு கிடைக்கவில்லை. முத்துசாமி அண்ணன் குடும்பம் மந்தினில் ஒரு கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் போய் இருந்தது. நாமும் மற்றவர்களோடு சேர்ந்தே கிளம்பியதால் என்னை யாரும் சந்தேகப்படவில்லை. உன் அப்பாவுக்கும் கடைசிவரை தெரியாது. நீ உட்கார்ந்து அந்த வீடியோவைப் பேசிய அறை, அந்தச் சாவியால் திறந்த வீட்டில்தான் இருக்கிறது.

கேமை முடித்த அன்று உனக்குப் போன் செய்தேன். அந்த வீடியோவில் சொன்னது தப்பு என்றேன். "மா, ரிவியூன்னா என் ஒப்பீனியன். ஒப்பீனியன்ல தப்பு சரி இல்ல லா. இப்பத்தான் வேலைல சேந்திருக்கேன், இப்ப எதுக்குமா இதெல்லாம்?" என்றாய். கூட்டம் இருக்கிறது என்று வைத்துவிட்டாய். மரம் நன்றாக இல்லை என்பது உன் அபிப்பிராயம். அதில் நான் தலையிட மாட்டேன். இப்படி நடக்கவில்லை என்று சொன்னது உன் அபிப்பிராயம் இல்லை, அது என் வாயிலிருந்து வந்த பொய். நீ அதன்மேல் நின்றுகொண்டு மதிப்பெண் போட்டாய்.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை மந்தினுக்குப் போனேன். தேன்மொழிதான் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. "ஆண்ட்டி" என்றாள். நான் கேட்கவே அஞ்சியதை அவளே சொன்னாள். "திட்டினாங்கன்னு நான் கேமை எடுக்கல ஆண்ட்டி. உங்க மகன் சொன்ன குறைங்க பாதி கரெக்ட்தான். அப்பா அந்த வீடியோவைப் பாத்துட்டாரு. அந்தப் பையன் சொல்றது சரிதானே, நம்ம பொம்பளைங்க யாரு அப்படிச் செஞ்சா, காட்டிக் குடுத்தது கணபதி, நீ எதுக்குக் கதைய மாத்துறேன்னு என்னைத் திட்டினாரு. அவர்ட்ட வாயால சொல்ல முடியாமத்தான் நான் அந்தக் கேமையே செஞ்சேன். நீங்க எனக்கு சோறு ஊட்டினவங்க. அப்புறம் எல்லாம் முடிஞ்சு போச்சு, இப்ப சொல்லி என்ன ஆகப் போவுதுன்னு வருசத்தை ஓட்டிட்டேன்."

முத்துசாமி அண்ணன் உள்ளே நாற்காலியில் இருந்தார். சர்க்கரை நோயில் ஒரு கால் விரல்களை எடுத்துவிட்டார்கள். மனைவி போய் ஏழு வருடம் ஆகிறது. என்னை அடையாளம் கண்டு, "வா தங்கச்சி, எத்தன வருசமாச்சு" என்று சிரித்தார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். முடித்ததும், "அப்ப அந்தப் பேப்பர்ல மொதக் கையெழுத்து?" என்றார்.

"என்னுதுண்ணே."

"அப்ப கணபதி இல்ல."

"இல்லண்ணே."

ஊன்றுகோலை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டார். பிறகு, "அவன் சாவுக்கு நான் போகல, தங்கச்சி" என்றார். மூன்று வருடத்துக்கு முன்னால் கணபதி அண்ணன் தெமியாங்கில் இறந்தார். மனு விவரம் தெரிந்த இன்னொருவர் அவர்தானே என்று, முத்துசாமி அண்ணன் அதற்கு முன் இருபத்தைந்து வருடமாக அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கல்யாணங்களில் எதிரே வந்தால் திரும்பிக்கொள்வாராம். கணபதி அண்ணன் ஒரு தடவை வீடு தேடி வந்தபோது கதவைச் சாத்தச் சொன்னாராம். தேன்மொழி சுவரோரமாக நின்று இதையெல்லாம் கேட்டு அழுதுகொண்டிருந்தாள். அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவரே தேன்மொழியைக் காரை எடுக்கச் சொல்லி, என்னையும் வரச் சொன்னார். தெமியாங்கில் கணபதி அண்ணனின் மனைவி புஷ்பம் அக்கா மகனோடு இருக்கிறார். கிரில் கேட்டுக்குப் பின்னால் வந்து நின்றவர், முத்துசாமி அண்ணனைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அண்ணன் ஊன்றுகோலை ஊன்றிக் கேட்டுக்கு ஓரடி கிட்டே போனார். நான் முன்னால் போய்ச் சொன்னேன், காட்டிக் கொடுத்தது நான்தான் என்று. புஷ்பம் அக்கா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணனிடம்தான் பேசினார். "ஆஸ்பத்திரில கூட கேட்டாரு. முத்து எதுக்கு எங்கிட்டப் பேச மாட்டேங்கிறான், ஒனக்காச்சும் தெரியுமான்னு." தேன்மொழி, "எனக்கு அப்பவே தெரியும் பெரியம்மா, நான்தான் சொல்லல" என்றாள். "அப்ப நீ சின்னப்புள்ள, உள்ள வா" என்று புஷ்பம் அக்கா பூட்டைத் திறந்தார். இருவரும் உள்ளே போனார்கள். நான் கால் எடுத்து வைப்பதற்கு முன்னால் கேட்டை இழுத்து மறுபடி பூட்டினார்.

ஒரு மணி நேரம் வெயிலில் காருக்குப் பக்கத்தில் நின்றேன். உள்ளேயிருந்து முத்துசாமி அண்ணன் அழும் சத்தம் கேட்டது. புஷ்பம் அக்கா செய்தது தப்பில்லை. நான் அந்த வீட்டுக்குள் போயிருந்தால்தான் தப்பு. மன்னிப்புக் கிடைக்கும் என்று எண்ணி நான் அங்கே போகவில்லை என்று இப்போது எழுதுகிறேன், ஆனால் கேட் பூட்டிய பிறகும் அது திறக்குமா என்று பார்த்துக்கொண்டே நின்றேனே, அப்படியென்றால் உள்ளுக்குள் எண்ணியிருக்கிறேன்.

அந்த வீடியோவை நீக்கிவிடாதே, ஐயா. நீக்கினால் யாருக்கும் எதுவும் தெரியாமல் போய்விடும். அந்தக் கேமை இன்னொரு தடவை விளையாடு. மரமும் வாளியும் சரியில்லை என்றால் சரியில்லை என்றே சொல். எத்தனை மதிப்பெண் கொடுப்பாய் என்று நான் கேட்க மாட்டேன், தேன்மொழியும் கேட்கவில்லை. நடந்ததை நடந்தது என்று மட்டும் சொல். என் பெயரைச் சொல்லியே சொல். உன் வேலைக்கு இதனால் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. நான் செய்ததற்கு நீ ஏன் இழக்க வேண்டும் என்று நீ கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

அன்று திரும்பும்போது முத்துசாமி அண்ணன் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். ராசா சந்திப்பில் சிவப்பு விளக்குக்குக் கார் நின்றபோது, திரும்பாமலே, "ஒன் மகன்ட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

"சொல்லிடு தங்கச்சி. அவன் நல்லாப் பேசுறான், நானும் பாத்தேன். தப்பான ஒண்ண சரின்னு சாதிச்சுக்கிட்டே இருந்தான்னா, ஒருநாள் என்னை மாதிரி வந்து நிப்பான். அப்ப எதுத்தாப்ல பேசுறதுக்கு ஆள் இருக்காது."

என்னை மம்பாவில் இறக்கிவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். வீட்டுக்குள் வந்து கை கால் கழுவிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். முழுதாக எழுதி முடிக்க நாலு நாள் ஆகிவிட்டது. படித்ததும் போன் செய்யத் தோன்றாவிட்டால் செய்யாதே, நான் காத்திருப்பேன். முதலில் தேன்மொழியைக் கூப்பிடு.

அம்மா